வாளையாருக்கு இருபுறமும்: மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை படிப்பவர் என்ன கற்கிறார்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை என நீளும் ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இங்கே ஒருவர் நோயில் படுத்துவிட்டால், என்ன நோய் என்ற கேள்வியோடு கூடவே எந்தப் பக்கம் கொண்டுபோவது என்ற கேள்வியும் எழும். சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியா, பாலக்காட்டு மாவட்ட மருத்துவமனையா, பொள்ளாச்சியா, கோயம்புத்தூரா என்பதை நோயின் தீவிரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கையிலிருக்கும் காப்பீட்டு அட்டை எந்த அரசு கொடுத்தது, கூடமாட நிற்கச் சொந்தக்காரர் எந்த ஊரில் இருக்கிறார், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, மருத்துவரிடம் தமிழில் சொன்னால் புரியுமா என்பவையெல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இதே ஊர்களிலிருந்து செவிலியம், பிசியோதெரபி, மருந்தியல், வணிகவியல் முடித்த பிள்ளைகள் சிலர் இப்போது மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலைப் படிப்பைத் தேடுகிறார்கள். அந்தப் படிப்பு எதைச் சொல்லித்தருகிறது, எதை விட்டுவிடுகிறது, எல்லையோரத்தில் வளர்ந்த ஒருவர் அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே இங்கே விஷயம். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரே மாநிலத்துக்குள் படித்து, அங்கேயே பயிற்சி பெற்று, அங்கேயே வேலையில் அமர்பவருக்கு அந்த மாநிலத்தின் மருத்துவ ஏற்பாடுகள் மழையும் வெயிலும் போல இயல்பாக அமைந்தவையாகத் தோன்றும். தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாரைத் தாண்டிப் போய் வருகிறவருக்கு, அவை ஒவ்வொன்றும் யாரோ ஒரு காலத்தில் எடுத்த முடிவு என்பதும், அந்த முடிவு வேறு மாதிரியும் எடுக்கப்பட்டிருக்கலாம் என்பதும் கண்ணெதிரே தெரியும். நிர்வாகம் படிப்பவருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைப்பது அரிது.

முதலில் படிப்புகளின் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எம்.எச்.ஏ. என்பது மருத்துவமனை நிர்வாகத்துக்கென்றே அமைந்த முதுகலை. மருத்துவமனை மேலாண்மையில் எம்.பி.ஏ. என்பது பொது மேலாண்மைப் படிப்பில் சில தாள்களை மருத்துவமனைக்கு ஒதுக்குவது. இவ்விரண்டிலும் பெரும்பாலும் எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள், இடையில் மருத்துவமனைப் பயிற்சி, கடைசியில் ஓர் ஆய்வேடு என்பது வழக்கமான அமைப்பு. எம்.பி.எச். என்பது பொது சுகாதாரம். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும் மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.டி. பட்டமும், தேசியத் தேர்வு வாரியத்தின் வழியாக டி.என்.பி. பட்டமும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், எம்.எச்.ஏ. மருத்துவமனையின் மதில்சுவருக்குள் நடப்பதைக் கேட்கிறது; எம்.பி.எச். அந்தச் சுவருக்கு வெளியே மக்கள் ஏன் நோயுறுகிறார்கள் என்று கேட்கிறது. எல்லையோரத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்து வைக்க முடியாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தத் துறை ஒன்றும் பழையதல்ல. மேற்கிலும்கூட நீண்ட காலம் மூத்த மருத்துவரோ, தலைமைச் செவிலியரோ, திருச்சபையைச் சேர்ந்தவரோதான் மருத்துவமனையை நடத்தி வந்தார். 1934-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிஸ் முன்னின்று தொடங்கிய பாடத்திட்டமே முதுகலை நிலையில் முதலாவது எனக் கருதப்படுகிறது. இந்தியாவில் இதற்கென்றே 1984-இல் ஜெய்ப்பூரில் ஒரு நிறுவனம் எழுந்தது; மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எம்.எச்.ஏ. பட்டத்துக்குப் பெயர்பெற்றது. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனோன் மையம் 1997-இலிருந்து எம்.பி.எச். நடத்துகிறது. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1992-இல் தனக்கென ஒரு பயிற்சி நிறுவனத்தையே அமைத்து, மற்ற மருத்துவமனைகளுக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. அதன் கோயம்புத்தூர்க் கிளையின் வரிசையில் பாலக்காட்டு முதியவர்களை எப்போதும் பார்க்கலாம்.

பாடத்திட்டத்தைப் புரட்டினால் கணக்கியல், மனிதவளம், கொள்முதல், சட்டம், தொற்றுநோயியல், உயிர்ப்புள்ளியியல், சுகாதாரப் பொருளாதாரம், தரக்கட்டுப்பாடு எனத் தாள்கள் வரிசையாக நிற்கும். ஆனால் மருத்துவமனை மற்ற நிறுவனங்களைப் போன்றதல்ல என்ற ஒன்றை உணராதவருக்கு இந்தத் தாள்கள் எல்லாம் தனித்தனியாகவே கிடக்கும். ஒரு நெசவாலையில் மேலாளர் சொன்னால் தறி ஓடும், நிற்கும். மருத்துவமனையில் பணம் செலவாவது மருத்துவர் எழுதும் ஒரு வரியால். எந்த மருந்து, எந்த ஸ்கேன், எத்தனை நாள் படுக்கை என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அந்த நபர் பெரும்பாலும் நிர்வாகிக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற மேலாண்மை அறிஞர் 1979-இல் இத்தகைய அமைப்புகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்: அங்கே அதிகாரம் பதவியிலிருந்து வருவதைவிடத் தொழில் தேர்ச்சியிலிருந்து வருகிறது. இருபத்தைந்து வயதில் எம்.எச்.ஏ. முடித்து வந்த ஒருவர், முப்பது ஆண்டு அனுபவமுள்ள அறுவை மருத்துவரை ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் செய்ய வேண்டியிருக்கும். தலைமைப் பண்பு என்று பாடப்புத்தகம் அழகாகப் பேசுவதெல்லாம் நடைமுறையில் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. கட்டளையிடும் உரிமை இல்லாத இடத்தில் காரியம் நடக்கச் செய்வதே அது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இதற்கு நல்ல உதாரணம். பத்தொன்பது அம்சங்கள் கொண்ட ஒரே ஒரு தாள் அது. மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையைவிட்டுப் போகுமுன் என மூன்று முறை நின்று, சரியான நோயாளியா, சரியான பக்கமா, பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது அறுவைக்குப் பிந்தைய இறப்பு நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8-ஆகக் குறைந்தது என 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. தாளை அச்சடிக்க ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறையில் வயதில் இளைய செவிலியர் ஒருவர், "சார், இன்னும் எண்ணி முடிக்கலை" என்று சொல்லவும், அதைக் கேட்டு மூத்த மருத்துவர் கையை நிறுத்தவும் வேண்டும். தணிக்கை நாளன்று மட்டும் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு வைக்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த ரகசியம்.

மருத்துவத் தரத்தை எப்படி அளப்பது என்பதற்கு அவெடிஸ் டொனபீடியன் 1966-இல் கொடுத்த பகுப்பு இன்றும் அடிப்படைப் பாடமாக இருக்கிறது. கட்டடம், கருவி, ஆட்கள் என்பது அமைப்பு. அவர்கள் செய்வது செயல்முறை. நோயாளிக்குக் கிடைப்பது விளைவு. நம் ஊர்களில் மருத்துவமனையின் பெருமையைப் பேசுபவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்: எத்தனை மாடி, எத்தனை ஸ்கேன் இயந்திரம் என்பதே பேச்சு. மாணவர் கற்க வேண்டியது நடுவில் உள்ளதை, அதாவது வேலை எப்படி நகர்கிறது என்பதை.

அதைக் கற்க டிஸ்சார்ஜைப் போல வேறொரு பாடம் இல்லை. காலை ரவுண்ட்ஸில் எட்டரை மணிக்கு மருத்துவர் படுக்கையருகே நின்று, "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். நோயாளியின் மகன் உடனே போன் போட்டு வண்டிக்குச் சொல்லிவிடுகிறார். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியை எழுத வேண்டிய பயிற்சி மருத்துவர் இன்னும் அடுத்த வார்டில் ரவுண்ட்ஸில் இருக்கிறார். நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனை ஒன்றின் முடிவு வரவில்லை. பயன்படுத்தாத ஊசி மருந்துகளைப் பார்மசிக்குத் திருப்பி அனுப்பி, அதற்கான தொகையைப் பில்லில் கழிக்க வேண்டும். பில் முடிந்ததும் அது காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். அங்கிருந்து ஒரு சந்தேகம் கேட்டுத் திரும்பி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத மறுபடி மருத்துவரைத் தேட வேண்டும். மதியச் சாப்பாட்டு வேளை கடந்து, மாத்திரை வாங்கும் வரிசையில் நின்று, வாசலில் கேட் பாஸ் கொடுத்து வெளியேறும்போது நாலு மணி ஆகியிருக்கும். அதே நேரம் கீழே அவசரப் பிரிவில் ஒருவர் படுக்கை காலியாகட்டும் என்று ஸ்ட்ரெச்சரிலேயே காத்துக் கிடப்பார்.

மாணவர்கள் கடிகாரத்தோடு ஒவ்வொரு மேசையிலும் நின்று நேரத்தைக் குறிக்கும்போது வழக்கமாகத் தெரியவரும் உண்மை ஒன்றுண்டு: எந்த மேசையிலும் வேலைக்குப் பிடிக்கும் நேரம் குறைவு, மேசைக்கும் மேசைக்கும் நடுவே காகிதம் காத்திருக்கும் நேரமே அதிகம். ஆகவே ஆட்களை அதிகம் போடுவது பலன் தராது. நாளை யார் போவார்கள் என்பதை இன்று மாலையே முடிவு செய்து, சம்மரியின் முக்கால் பங்கை இரவே எழுதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில், டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் காலக்கெடு விதித்தது. மருத்துவமனைக்குள் தேங்கும் நேரத்துக்கு அப்படிக் கெடு விதிப்பவர் யாரும் இல்லை.

இதன் கணக்கு எளிது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, உள்ளே இருப்பவர் எண்ணிக்கை என்பது நாளொன்றுக்கு வருபவர் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் சராசரி நாட்களால் பெருக்கினால் வருவது. நாளொன்றுக்கு நாற்பது பேர் சேரும் மருத்துவமனையில் ஒருவர் சராசரியாக ஐந்து நாள் தங்கினால் இருநூறு படுக்கைகள் நிரம்பியிருக்கும். தங்கும் காலத்தில் அரை நாள் குறைந்தால் இருபது படுக்கைகள் விடுபடும். செங்கல் ஒன்றும் வைக்காமல் இருபது படுக்கை கொண்ட ஒரு வார்டு கிடைத்துவிடுகிறது. புதிய கட்டடத்துக்கு வங்கிக் கடன் கேட்டு அலையும் நிர்வாகக் குழுவின் முன் இந்தக் கணக்கை வைக்கத் தெரிந்த மாணவருக்குப் படித்த காசு வசூலாகிவிட்டது என்றே சொல்வேன்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எல்லையில் நிலைமை எப்படி மாறுகிறது என்பதற்கு அரசியலமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6-ஆம் இனம். ஆகையால் வாளையாற்றின் இரு கரையிலும் அமைப்பு வேறு, அதிகாரி வேறு, அட்டை வேறு. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது மட்டும் பொதுப் பட்டியலின் 29-ஆம் இனமாக இருக்கிறது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்து 17 பேர் இறந்தபோதும், 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது சொந்த ஊர் திரும்பியவர்கள் பாஸ் இல்லாமல் வாளையாரில் மாட்டிக்கொண்டு தவித்தபோதும், இந்த எல்லையில் வாழ்பவர்களுக்கு அந்த இனத்தின் பொருள் சட்டப் புத்தகத்தைத் திறக்காமலேயே புரிந்தது.

தமிழ்நாட்டு அமைப்பின் முதுகெலும்பு பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககமும் தனி அதிகாரிப் படிநிலையும் இருப்பது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தின் கீழும், தாலுகா மற்றும் மாவட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழும் வருகின்றன. உத்தரவு சென்னையிலிருந்து இறங்கும். கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்துகளிடமும், மாவட்ட மருத்துவமனைகள் மாவட்டப் பஞ்சாயத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாலை நேர ஓ.பி. வேண்டுமென்றால் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேச வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே தள்ளியிருக்கும் நிலையத்துக்கு அதே தேவை வந்தால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுத வேண்டும். எது மேல் என்று கேட்டால், நோய்த்தொற்றின் போது ஒரே குரலில் இயங்குவதற்குத் தமிழ்நாட்டு முறை உதவும் என்றும், நாள்பட்ட படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்குக் கேரள முறை உதவும் என்றும் சொல்வேன்.

இரண்டாவது கூற்றுக்கு ஆதாரம் வலிநிவாரணப் பராமரிப்பு. 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சங்கமாகத் தொடங்கியது, ஊர் ஊராகத் தன்னார்வலர்களைச் சேர்த்துப் பரவி, 2008-இல் கேரள அரசின் கொள்கையாகி, பஞ்சாயத்துக்கு ஒரு செவிலியர் வீடு வீடாகப் போகும் ஏற்பாடாக நிலைபெற்றது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வலிநிவாரணப் பராமரிப்பையும் பிசியோதெரபியையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அது மேலிருந்து வடிவமைத்து, மிகக் குறுகிய காலத்தில் மாநிலம் முழுதும் விரித்த திட்டம். ஒரே பராமரிப்பு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றில் வேகம் குறைவு, வேர் ஆழம். மற்றதில் வேகம் அதிகம், ஊர்க்காரர்களின் கை குறைவு.

சட்டத்தில் இன்னும் வேடிக்கை. 1939-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. மலபார் அந்த மாகாணத்தில் இருந்ததால், 1956-இல் கேரளம் உருவான பிறகும் பாலக்காட்டுக்கு அதே சட்டம் தொடர்ந்தது. ஆனால் சித்தூர் வட்டம் பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. அங்கே 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு சுகாதாரச் சட்டங்கள் நடந்துகொண்டிருந்த இந்த நிலையை 2023-ஆம் ஆண்டுக் கேரளப் பொது சுகாதாரச் சட்டம்தான் முடித்துவைத்தது. கேரளம் என்றோ தமிழ்நாடு என்றோ ஒற்றை அமைப்பாகப் பேசும் பாடப்புத்தகத்தைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முடிவுகள் எல்லை தாண்டிக் கற்றுக்கொள்ளப்பட்டதும் உண்டு. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மாநிலத்துக்கே ஒன்றாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குள் தனக்கு எந்த மருந்து எவ்வளவு தேவையோ அதை எடுத்துக்கொள்ளலாம். விலையைக் குறைக்கும் பேரம் மேலே, தேவையைத் தீர்மானிக்கும் உரிமை கீழே என்ற இந்தப் பிரிப்பே அதன் வெற்றிக்குக் காரணம். கேரளம் 2007-இல் இதைப் பார்த்துத் தன் கழகத்தை அமைத்தது. கொள்முதல் தாளுக்கு இதைவிட நல்ல பாடத்தை அயல்நாட்டு உதாரணங்களில் தேட வேண்டியதில்லை.

இனி, இந்த அமைப்புகளுக்கு நடுவே ஓர் ஆள் நடந்து போவதைப் பார்ப்போம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். பொள்ளாச்சிப் பக்கம் மணமுடித்துக் கொடுத்த பெண்ணின் தாய்வீடு வேலந்தாவளத்தைத் தாண்டிக் கேரளத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவுற்றதும் தமிழ்நாட்டுக் கிராம சுகாதாரச் செவிலியர் அவளைப் பதிவு செய்து, பிக்மி எனப்படும் கர்ப்பிணிப் பதிவு எண்ணைக் கொடுத்திருப்பார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் ஊட்டச்சத்துப் பெட்டகம் போக மீதி தவணை தவணையாக வரும். அரசு மருத்துவமனையில் பிரசவம் நடப்பது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது போன்ற படிகளோடு அந்தத் தவணைகள் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீடு போகிறாள். அங்கே வீடு வீடாக வரும் ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர் வந்து புதிதாக ஒரு பதிவு போடுகிறார். ரத்தசோகை இருந்தது, இரும்புச்சத்து ஊசி போட்டார்கள் என்ற விவரம் பொள்ளாச்சிப் பதிவேட்டில் இருக்கிறது. பிரசவம் பார்க்கும் மருத்துவரின் கையில் இல்லை. பிறப்புப் பதிவு கேரளத்தில். மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்பி வரும்போது எந்தெந்தத் தடுப்பூசி போட்டாயிற்று என்பதற்கு அவள் கைப்பையில் மடித்து வைத்திருக்கும் அட்டை ஒன்றே சாட்சி.

இதில் யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொரு பணியாளரும் தன் மாநில விதிப்படி சரியாக நடந்திருக்கிறார். ஆனாலும் பொள்ளாச்சிப் பட்டியலில் அவள் தொடர்பு அறுந்த கர்ப்பிணி. கேரளப் பட்டியலில் தாமதமாகப் பதிவு செய்த கர்ப்பிணி. இரண்டு மாவட்டங்களின் புள்ளிவிவரமும் கெடுகிறது, உண்மையில் அவள் ஒரு மாதம்கூடப் பரிசோதனையைத் தவறவிடாமல் இருந்தும். எம்.எச்.ஏ. மாணவர் சுவருக்குள் மட்டும் பார்த்தால் இந்தப் பெண் தெரியமாட்டாள், எம்.பி.எச். மாணவர் மாநிலப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தாலும் தெரியமாட்டாள்.

காப்பீட்டிலும் இதே கதை. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். கேரளத்தில் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி. இரண்டும் மத்திய அரசின் ஐந்து லட்சம் ரூபாய்த் திட்டத்தோடு இணைந்தவை. மத்திய திட்டத்தின் விதிப்படி தகுதியுள்ள குடும்பம் மற்ற மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம். ஆனால் மாநில அரசு தன் செலவில் கூடுதலாகச் சேர்த்த குடும்பங்களுக்கு அந்த வசதி தானாக வந்துவிடுவதில்லை. கோவையில் உள்ள மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் உட்காரும் பயிற்சி மாணவர் முதலில் கற்கும் காரியமே, வந்திருக்கும் அட்டை எந்த வகை என்று பார்த்துச் சொல்வதுதான். இதற்கு விலக்காக நிற்பது தமிழ்நாட்டின் இன்னுயிர் காப்போம் திட்டம். 2021 டிசம்பரில் தொடங்கிய அது, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்காது. அட்டையைப் பார்க்காமல் விபத்து நடந்த இடத்தைப் பார்க்கும் விதி அது. சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டவர் வாளையாருக்கு எந்தப் பக்கம் விழுந்தார் என்பது முக்கியமாகிவிடுவதும் அதனால்தான்.

மருத்துவக் கழிவை மாணவர்கள் சலிப்பூட்டும் தாளாக நினைப்பார்கள். 2016-ஆம் ஆண்டு விதிகள்: மஞ்சள் பையில் உடற்பகுதியும் ரத்தக்கறை பட்ட துணியும், சிவப்பில் பிளாஸ்டிக் குழாய்கள், வெள்ளையில் ஊசி, நீலத்தில் கண்ணாடி, 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பைக்குப் பை பார்கோடு. மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் போன்ற ஊர்களில் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. அதில் கிடந்த நோயாளிகளின் காகிதங்களே அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு மூன்று நாளில் அகற்றச் சொன்னது. கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கேரளத்தில் கழிவைச் சுத்திகரிக்க இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளை நடத்தும் நிலையம், இதே எல்லை மாவட்டமான பாலக்காட்டில், மலம்புழைக்கு அருகில்தான் இருக்கிறது. விதி இருந்தது, நிலையம் இருந்தது, பைக்கு நிறமும் இருந்தது.

எங்கே பிசகியது என்று கேட்பதுதான் மேலாண்மைப் பாடம். கழிவை எடுத்துப் போக ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்தவுடன் தன் பொறுப்பு முடிந்ததாக ஒரு மருத்துவமனை நினைக்கலாம். விதியோ, உருவாக்கியவருக்கே பொறுப்பு என்கிறது. பொதுக் குப்பையை எடுக்கும் ஒப்பந்தமும் மருத்துவக் கழிவு ஒப்பந்தமும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும்போது, வார்டில் தவறான வாளியில் விழும் ஒரு சலைன் குழாய் இரண்டாவதிலிருந்து முதலாவதற்குத் தாவிவிடுகிறது. அதைத் தடுக்கக்கூடியவர் வார்டைப் பெருக்கும் பணியாளர். அவருக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, எந்த மொழியில் கொடுக்கப்பட்டது என்று பார்த்தால் பல மருத்துவமனைகளின் தரச் சான்றிதழ் கொஞ்சம் வெளிறிப் போகும்.

மொழியைப் பற்றிச் சொல்லும்போது ஒப்புதல் படிவத்தைச் சொல்லாமல் விட முடியாது. மருத்துவமனைகளுக்கான தேசியத் தரச்சான்று வாரியம், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. கோவையில் மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர் தமிழ்ப் படிவத்தில் கையெழுத்திடுவதும், பாலக்காட்டில் தமிழ் மட்டும் தெரிந்த கிழவி மலையாளப் படிவத்தில் கைநாட்டு வைப்பதும் அன்றாடம் நடப்பவை. படிவத்தை இரண்டு மொழியில் அச்சடிப்பது ஒரு நாள் வேலை. விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குவதுதான் கடினம்.

செவிலியர் ஊதியம் தனிக் கட்டுரைக்குரியது. இங்கே ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். கேரள அரசு 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக 20,000 ரூபாயை அறிவித்தது. அதற்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருந்தது. எல்லையின் ஒரு பக்கத்தில் ஊதியம் மாறினால் மறுபக்கத்தில் ஆள் குறையும். அதற்கும் மேலே வளைகுடாவும் இங்கிலாந்தும் இழுக்கின்றன. மனிதவளத் தாளில் வரும் ஊழியர் வெளியேற்ற விகிதம் என்ற எண்ணுக்குப் பின்னால், புதிதாகச் சேர்ந்தவர்களே இரவுப் பணியில் நிற்கும் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கும் இது அந்நியமல்ல. அங்கேயும் ஒரு சித்தூர் உண்டு. அங்கேயும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. அவர்களுக்கு உள்ளூர் மருத்துவமனை போலத்தான். திருப்பதியில் திருமலை தேவஸ்தானத்தின் ஆதரவில் நடக்கும் மருத்துவ நிறுவனம் மறுபக்கத்து இழுப்பு. 2007-இல் ஆரோக்கியஸ்ரீயைத் தொடங்கி அரசுக் காப்பீட்டுக்கே முன்மாதிரியான மாநிலம் ஆந்திரம். அதைப் பார்த்துத்தான் 2009-இல் தமிழ்நாடும் இறங்கியது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, சேரப் போகும் மாணவர் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை விளம்பரத் தாளில் இருப்பவை அல்ல. பயிற்சிக் காலத்தில் எந்தெந்தத் துறையில் எத்தனை வாரம், வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுக்க வைத்தே காலத்தை ஓட்டிவிடுவார்களா, ஆய்வேட்டுக்கு மருத்துவமனையின் உண்மைத் தரவு கிடைக்குமா, புள்ளியியல் தாளை நடத்துபவர் யார், எல்லையின் மறுபக்கத்தில் ஒரு மாதமாவது பணியாற்ற அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். முதல் வேலை பெரும்பாலும் ஆபரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ், குவாலிட்டி எக்ஸிகியூட்டிவ் என்ற பெயரில் வரும். சம்பளம் அனுபவமுள்ள செவிலியரைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். செவிலியம் படித்துவிட்டு இதில் நுழைபவருக்கு அது வலிக்கும். ஆனால் வார்டின் நடைமுறை தெரிந்தவர் என்பதால் அவரே வேகமாக மேலே போகிறார். வணிகவியலிலிருந்து வருபவர் முதல் பருவத்திலேயே இரவு நேர அவசரப் பிரிவில் சில வாரம் நிற்பது அவசியம். பல கல்லூரிகள் இதைக் கட்டாயமாக்குவதில்லை, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் பெரும்பாலும் "நோயாளி திருப்தி" என்று ஒரு கேள்வித்தாளை அச்சடித்து, நூறு பேரிடம் நிரப்பி வாங்கி, பெரும்பான்மையோர் திருப்தி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எல்லையோரப் பிள்ளைகளுக்கு அந்தப் பஞ்சம் தேவையில்லை. ஆனைகட்டி வழியாகக் கோவை அரசு மருத்துவமனைக்கு வரும், பாலக்காடு மாவட்டத்துப் பழங்குடி மலைப்பகுதியான அட்டப்பாடியின் கர்ப்பிணிகள் கோட்டத்தறையில் இருக்கும் பழங்குடியினர் மருத்துவமனையைத் தாண்டி ஏன் வருகிறார்கள், எந்த நிலையில் அனுப்பப்படுகிறார்கள், பரிந்துரைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, திரும்பிப் போகும்போது அங்குள்ள சுகாதாரப் பணியாளருக்குத் தகவல் போகிறதா என்ற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறு மாதச் சீட்டுகளை உட்கார்ந்து படித்தாலே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும். நெறிமுறைக் குழுவின் அனுமதியை இரண்டு மாநிலங்களிலும் வாங்க வேண்டியிருக்கும் என்பதால், விண்ணப்பத்தை மூன்றாம் பருவம் தொடங்குமுன்பே கொடுத்துவிட வேண்டும்.